மடிக்கணினிக்கு நாலு எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 4

ஹரிதாஸ் இடுக்கியை மேசை விளக்குக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். அதன் நுனியில் ஒரு விதை.

"இது என்னன்னு தெரியுதா?"

கமலவேணி குனிந்து பார்த்தாள். வெளுத்த நிறம், ஒரு முனை கூர். தெரிந்தது. ஆனாலும் உடனே சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தையே இரண்டு தடவை யோசித்துவிட்டுச் சொல்வதுதான் அவள் பழக்கம். அது பலமா பலவீனமா என்று இருபத்தேழு வயதாகியும் அவளுக்கு முடிவாகவில்லை.

"எலுமிச்சங்கொட்டை," என்றான் அவளுக்குப் பின்னால் நின்ற புவனேஷ். "கம்ப்யூட்டருக்குள்ள வைரஸ் வரும்னு கேள்விப்பட்டிருக்கேன். விதையும் வருமா அண்ணே? இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா காய்ச்சிருக்கும்லா."

ஹரிதாஸ் சிரிக்கவில்லை. மலாக்காவில், பாச்சாங் கடைவரிசையில் இருந்த அந்தக் கணினிக் கடைக்கு அவர்தான் மேலாளர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பெயர் அட்டை, யாரையும் நோகடிக்காத குரல். அவருக்கு முன்னால் ஒரு மடிக்கணினி குப்புறக் கிடந்தது. வாங்கி ஏழு நாள். மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் கண்ணை மூடியது. அதற்குப் பிறகு திறக்கவேயில்லை. அதை வாங்கிய திலகவதி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"கொட்டை மட்டும் இல்ல," என்றார் ஹரிதாஸ். "இந்த நாலு ரப்பர் காலையும் பாருங்க. நாலுலயும் பழத்தோல் காஞ்சு ஒட்டியிருக்கு. சாறு இந்தக் காத்து ஓட்டை வழியா உள்ள இறங்கி போர்டை அரிச்சிருக்கு. புதுச் சாமான் வாங்குனா நம்ம ஆளுங்க சும்மா இருப்போமா? நானே என் காடிக்கு நாலு சக்கரத்துக்கும் பழம் வெச்சுத்தான் ஏத்துனேன். ஆனா காடி வேற, இது வேற. சாறு பட்டா வாரண்டி செத்துச்சு. அட்டையிலேயே போட்டிருக்கு."

சுவரில் ஓர் அறிவிப்பு தொங்கியது. பழுதான செட்டை ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் புதுச் செட்டு. அதற்குப் பிறகு ரிப்பேர் மட்டும். ரிப்பேர் என்றால் ஆறு வாரம். திலகவதியின் ஏழாம் நாள் இன்று மாலை ஆறு மணிக்குக் கடை மூடும்போது முடிகிறது.

அந்த ஆறு வாரம் திலகவதியிடம் இல்லை. பதினோரு வருடமாக தஞ்சோங் கிளிங் ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிறாள். ஒரு நாளைக்குப் பதினாறு கட்டில். இடுப்பு போய்விட்டது. அதே ஹோட்டலில் ரிசர்வேஷன் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது எழுதிப் போட்டாள், கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் சொந்தமாக மடிக்கணினி வேண்டும். பயிற்சி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. திரையில் முகம் தெரியாதவருக்கு இடம் கிடையாது. வரிசையில் அடுத்தவர் தயாராக நிற்கிறார்.

"நீங்களே சொல்லுங்கக்கா," என்றார் ஹரிதாஸ். "பூஜை போட்டீங்களா, இல்லையா?"

திலகவதி வாயைத் திறந்தாள். மூடினாள். தரையைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் செய்யல."

"அப்ப பழம் எப்படி வந்துச்சு?"

திலகவதி கைப்பையை இன்னும் இறுக்கினாள். ஹரிதாஸ் கமலவேணியைப் பார்த்துக் கையை விரித்தார். அந்த மௌனம் எந்த வாரண்டி அட்டையைவிடவும் தெளிவாகப் பேசுகிறது என்பதுபோல இருந்தது அவர் பார்வை.

கமலவேணி பகலில் பல் மருத்துவமனை ஒன்றில் குமாஸ்தா. வாரத்தில் மூன்று மாலை துப்பறியும் சான்றிதழ் வகுப்பு. சனிக்கிழமைகளில் துப்பு; இன்று அவளை அழைத்தது திலகவதி. இதுவரை கண்டுபிடித்துக் கொடுத்தவை ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பூனை. அதில் ஒரு பூனை தானாகவே வந்துவிட்டது. எதிர்வீட்டுப் புவனேஷுக்கு இருபத்திரண்டு வயது. காரையும் வாயையும் ஓட்டுவது அவன் பொறுப்பு.

அவள் பையிலிருந்து நீளமான நோட்டை எடுத்தாள். இடது பக்கத்தில் தெரிந்தது. வலது பக்கத்தில் நினைப்பது. வலது பக்கத்து வரி ஒன்று நிரூபணம் இல்லாமல் இடது பக்கத்துக்குத் தாண்டக் கூடாது. அது அவள் சட்டம். மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணை, பன்னிரண்டு இலக்கத்தையும், இடது பக்கத்தில் எழுதிச் சரிபார்த்தாள்.

"யாரு போன் நம்பர்க்கா அது?" என்றான் புவனேஷ்.

"எதுக்குன்னு தெரியல. இருக்கட்டும்."

"ஆறு மணி வரைக்கும் நான் இருப்பேன்," என்றார் ஹரிதாஸ். "வேற விளக்கம் இருந்தா கொண்டு வாங்க. பெட்டி, பில் ரெண்டும் வேணும். பெட்டி இல்லாம எதையும் மாத்த முடியாது."

பெட்டி மஸ்ஜித் தானாவில், திலகவதியின் வீட்டில் இருந்தது. அவள் தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் கிளம்பினாள். புவனேஷின் பழைய கார் பின்னால் புறப்பட்டது.

"அக்கா, கோவிச்சுக்காத," என்றான் அவன், பாச்சாங் விளக்கு பச்சைக்கு மாறியதும். "திலகக்காதான் செஞ்சிருக்காங்க. மூஞ்சியைப் பாத்தியா? அந்தக் கடை நல்ல கடைலா. போன மாசம் தங்கச்சிக்கு அங்கதான் லேப்டாப் வாங்குனோம். ஆன் ஆகலன்னு அப்பா திருப்பிக் கொண்டு போனாரு. ஒரு வார்த்தை பேசாம மாத்திக் குடுத்தாங்க. நான் அப்ப ஜொகூர்ல இருந்தேன், போன்ல சொன்னாரு."

"ம்."

"லேப்டாப்புக்குப் பழம் வெக்கிற ஆளு அடுத்து என்ன செய்வாரு? ரோட் டாக்ஸ் கட்டுவாரு. கண்ணாடியில ஒட்டி வெப்பாரு."

கமலவேணி எழுதினாள். வகுப்பில் ஆசிரியர் சொல்லியிருந்தார், கூட இருப்பவர் சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், எது பயன்படும் என்று அப்போது தெரியாது என்று. ஆகவே வலது பக்கத்தில் இப்படி ஒரு வரி ஏறியது: பழம் வைத்தவர், லேப்டாப்புக்கு ரோட் டாக்ஸ் கட்டும் ஆள் (புவனேஷ் சொன்னது).

அதற்கு மேலே, கடையிலேயே எழுதிய இன்னொரு வரி இருந்தது: வாடிக்கையாளர் பொய் சொல்கிறார்? கேள்விக்குறியை மட்டும் அவள் இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தாள்.

மஸ்ஜித் தானாவில் அது ஒரு தரைவீட்டு வரிசை. திலகவதி கதவைத் திறந்து உள்ளே போனாள். "உக்காருங்க, பெட்டியை எடுத்துட்டு வர்றேன்." தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் அறைக்குள் விரைந்தாள்.

புவனேஷ் உட்கார்ந்தான். கமலவேணி நின்றபடியே சுற்றிப் பார்த்தாள். நாற்காலி ஆறு, சுவரோடு அடுக்கப்பட்ட வாடகை நாற்காலி இன்னும் இருபது. கூடத்து மூலையில் சாமி மேடை. முருகன் முகம் தெரியவில்லை, அம்மன் முகமும் தெரியவில்லை. மேடை முழுவதையும் ஒரு வெள்ளைத் துணி மூடியிருந்தது. விளக்கில் எண்ணெய் இல்லை. திரி கறுத்துக் காய்ந்திருந்தது. எதிர்ச் சுவரில் புதிதாக மாட்டிய படத்தில் ஒரு முதியவர், மாலை வாடாமல்.

திலகவதி அறைக்குள்ளிருந்து வந்தாள். மடிக்கணினிப் பெட்டியின் மேல் இரண்டு பழைய சேலை சுற்றியிருந்தது. பெட்டியை யாரும் அப்படிப் பாதுகாப்பதில்லை. ஒளித்து வைக்கத்தான் அப்படிச் சுற்றுவார்கள்.

"அக்கா," என்றாள் கமலவேணி, "பெரியவர் தவறி எத்தனை நாளாச்சு?"

திலகவதியின் கை சேலையிலேயே நின்றது. "மாமனாரு. இன்னையோட பன்னெண்டு நாளு."

"பதினாறு முடியல."

"இல்ல."

"இது வாங்குனது அஞ்சாம் நாளு."

திலகவதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "வேற வழியில்லம்மா. பயிற்சி திங்கக்கெழமன்னு அன்னைக்குத்தான் லெட்டர் வந்துச்சு. தீட்டு வீட்டுல புதுச் சாமான் வாங்கலாமா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. நாத்தனாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், எங்க அப்பன் செத்த அஞ்சாம் நாளே கடைக்குப் போனியான்னு கேப்பா. அலமாரியில ஒளிச்சு வெச்சு, எல்லாரும் தூங்குன பொறவு திறந்து திறந்து பழகுனேன். அந்தக் கடைக்காரரு பொண்டாட்டி என் நாத்தனாரு கூடப் படிச்சவ. அவருகிட்ட என்னத்தச் சொல்றது?"

புவனேஷ் வெள்ளைத் துணியைப் பார்த்தான். அப்புறம் கமலவேணியைப் பார்த்தான். அவன் கன்னத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"விளக்கே ஏத்தாத வீட்டுல பூஜை எப்படி?" என்றான்.

"அதத்தான் நான் கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் கமலவேணி. அவள் வலது பக்கத்தில் 'பொய் சொல்கிறார்?' என்ற வரியை அடித்தாள். பேனா கொஞ்சம் அழுந்தியது. "அக்கா, முதல் தடவை பெட்டியைத் திறந்தப்ப ஏதாச்சும் வித்தியாசமா இருந்துச்சா?"

"இல்லம்மா. சீல் ஒட்டியிருந்துச்சு. நல்லா இருந்துச்சு." திலகவதி யோசித்தாள். "கமகமன்னு வாசம் அடிச்சுச்சு. புதுச் சாமான்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"என்ன வாசம்?"

"பாத்திரம் கழுவுற சோப்பு இருக்குல்ல, மஞ்சளா, அந்த மாதிரி."

கமலவேணி அதை இடது பக்கத்தில் எழுதினாள்.

"அப்ப லேப்டாப் பெட்டிக்குள்ள வர்றப்பவே ஊறுகா ஆகி வந்திருக்கு," என்றான் புவனேஷ் மெதுவாக.

"வேற யாரோ வாங்கி, பூஜை போட்டு, கெட்டுப்போனதும் திருப்பிக் குடுத்திருக்காங்க. கடையில அதையே புது சீல் ஒட்டி இவங்களுக்கு வித்திருக்காங்க." சொல்லி முடித்ததும் கமலவேணிக்கு வழக்கமான பயம் வந்தது. இது எல்லாம் வலது பக்கம். இடது பக்கத்தில் இருப்பது ஒரு வெள்ளைத் துணியும் ஒரு சோப்பு வாசமும்தான். "ஹரிதாஸ் அண்ணன்கிட்ட நேராக் கேட்டா இல்லன்னுதான் சொல்வாரு. ஒரு தடவை இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் அவராலயே மாத்திக்க முடியாது. மொதல்ல வாங்குன ஆள் வேணும். ஆறு மணிக்குள்ள."

"மலாக்காவுல எத்தனை தமிழ் வீடு இருக்கு தெரியுமா?"

"வீட்டுல பூஜை போட்டா சந்தனம், குங்குமம் வெப்பாங்க. நாலு காலுக்கும் பழம் எங்க வெப்பாங்க?"

புவனேஷ் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "வண்டி பூஜை."

பாச்சாங்கிலிருந்து மஸ்ஜித் தானா வரைக்கும் வண்டி வாங்கும் ஆட்களில் பாதிப் பேர் நிற்கும் இடம் ஒன்றுதான்: தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலை ஓரத்து முனியாண்டி கோயில். திலகவதியும் பெட்டியோடு காரில் ஏறிக்கொண்டாள். தீட்டு என்பதால் கோயில் வாசலுக்கு வெளியே காரிலேயே இருந்துவிட்டாள்.

பூசாரி நல்லமுத்து ஒரு புது லோரியின் முன்கண்ணாடியில் விபூதிப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். கமலவேணி விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஆமாம்மா! மூணு வெள்ளிக்கு முன்னால. லோரிக்கும் மோட்டோவுக்கும் நடுவுல வரிசையில வந்து நிக்கிறாரு, கையில இது. ஐயா, இது வண்டி இல்லையேன்னேன். மனுசனைக் கொண்டுபோய்ச் சேக்குற எதுவும் வண்டிதான், இது என் மகளை யூனிவர்சிட்டிக்குக் கொண்டுபோகப் போவுதுன்னாரு. அதுக்கு மேல நான் என்ன பேச?"

"பழம் யார் வெச்சது?" என்றாள் கமலவேணி.

"அவருதான் கொண்டாந்தாரு. நாலு. முன் சக்கரம் எது, பின் சக்கரம் எதுன்னு கேட்டேன். மூடியைத் திறந்து காட்டி, கண்ணாடி இருக்கிற பக்கம் முன்னாலன்னு சொன்னாரு."

புவனேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லோரியில் சாய்ந்தான். "அப்புறம் மாமா?"

"அப்புறம் ஏத்தணும்ல? வண்டின்னா உருண்டு ஏறும். இது உருளல. நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். மேல கையை வெச்சு ஓர் அழுத்து அழுத்துனாரு. நாலும் ஒரே நேரத்துல சட்டுன்னு நசுங்குச்சு. நல்ல சகுனம்னு சொல்லி அனுப்புனேன்."

"மண்டையில மூளை இருக்க வேண்டிய எடத்துல பழம் இருக்குற ஆளுலா அது!" என்றான் புவனேஷ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அக்கா, இதை எழுதிக்க. இந்த மாதிரி ஆளைக் கண்டுபிடிச்சா ஒரு போட்டோ எடுத்து மாட்டி வெக்கணும்."

கமலவேணி எழுதிக்கொண்டாள். "பேரு தெரியுமா மாமா?"

"மொகம் நல்லாத் தெரியும். பேரு நாங்க எழுதுறதில்ல. வண்டி பூஜைச் சீட்டுல வண்டி நம்பர்தான் போடணும்." நல்லமுத்து சீட்டுக் கட்டின் அடிக்கட்டைகளைப் புரட்டினார். "இதுக்கு நம்பர் இல்லையேன்னேன். பரவால்ல, என் லோரி நம்பரைப் போட்டுக்குங்க, சாமிக்கு என்னைத் தெரியும்னுட்டாரு. இந்தா."

புவனேஷ் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான். "முப்பத்தொண்ணு, சைபர்…"

அவன் நிறுத்திவிட்டான்.

கமலவேணி நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவளுக்கும் அந்த எண் தெரியும். தினமும் காலையில் அவள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே நிற்கும் லோரியின் எண் 3106. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவுகிறவன் பக்கத்தில் நின்றான். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் வாயில் ஒரு வார்த்தையும் இல்லை.

"தம்பிக்குத் தெரிஞ்சவரா?" என்றார் நல்லமுத்து அன்பாக.

புவனேஷின் அப்பா பெரியதம்பி வீட்டு வாசலில் லோரிக்கு அடியில் படுத்திருந்தார். மகனின் செருப்பும் எதிர்வீட்டுப் பெண்ணின் செருப்பும் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்து வெளியே ஊர்ந்து வந்தார்.

"அப்பா, தங்கச்சி லேப்டாப்புக்கு பழம் வெச்சியா?"

"யாரு சொன்னா?"

"3106 சொல்லுச்சு அங்கள்," என்றாள் கமலவேணி.

பெரியதம்பி கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பத்து விரலும் முடிந்த பிறகு வேறு வழியில்லாமல் பேசினார். "முப்பது வருஷமா எத்தனை வண்டிக்கு வெச்சிருக்கேன். ஒண்ணாச்சும் நின்னிருக்கா? இது மட்டும் ஏன் நின்னுச்சு?"

"சாமி மேல தப்பில்லப்பா. சாறு மேலதான்."

"உன் தங்கச்சி ஷாந்தினி, என் சாமானைத் தொடாதீங்கப்பான்னு சொல்லியிருந்தா. பயந்துட்டேன்லா. அடியில தொடச்சுட்டு, கடையில போயி ஆன் ஆகலன்னேன். அது உண்மைதான? அவங்களும் எதுவும் கேக்கல, மாத்திக் குடுத்துட்டாங்க."

கமலவேணி காரைக் காட்டினாள். பின் இருக்கையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திலகவதி உட்கார்ந்திருந்தாள். கமலவேணி எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். பெரியதம்பியின் முகம் சுருங்கியது.

"நான் வந்து சொன்னா, ஷாந்தினிகிட்ட இருக்கிறதைத் திருப்பிக் கேப்பாங்களே. அவ பரீட்சைக்குப் படிக்கிறா."

கமலவேணிக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. கேட்கலாம், கேட்காமலும் போகலாம். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவளால் முடியாது. "கேக்க மாட்டாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது அங்கள்," என்றாள். "நான் பேசிப் பாப்பேன். அவ்வளவுதான்."

புவனேஷ்தான் பேசினான். அவன் குரலில் கேலி இல்லாதபோது அவன் வேறு ஆள்போல இருந்தான். "நீ வரலன்னா அந்த அக்கா திங்கக்கெழம பழையபடி பதினாறு கட்டிலுக்கு பெட்ஷீட் மாத்தப் போவாங்கப்பா. நம்ம பழத்துக்கு அவங்க இடுப்பு ஒடையணுமா?"

பெரியதம்பி உள்ளே போனார். சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்தார். லோரிக்காரர் வீட்டில் எந்த ரிசிட்டும் தொலைவதில்லை. டின்னில் மூன்றாவதாக இருந்தது மடிக்கணினி பில்; முதல் செட்டின் சீரியல் எண் அதில் அச்சாகியிருந்தது. கமலவேணி நோட்டின் இடது பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். பன்னிரண்டு இலக்கம். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"போதும்க்கா," என்றான் புவனேஷ். "மணி அஞ்சேகால்."

ஐந்து நாற்பதுக்குக் கடைக் கண்ணாடிக் கதவு திறந்தது. ஹரிதாஸ் கல்லா மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். திலகவதி பெட்டியையும் தன் பில்லையும் அவர் முன்னால் வைத்தாள்.

"மறுபடி அதையேதான் கேக்கணும்க்கா," என்றார் அவர். "பூஜை போட்டீங்களா?"

திலகவதி இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. "என் மாமனாரு செத்து பன்னெண்டு நாளாச்சு தம்பி. வீட்டுல விளக்கே ஏத்தல. தீட்டுல வாங்குனேன், அதான் காலையில வாயைத் திறக்கல. உங்க வீட்டுக்காரம்மா என் நாத்தனாருகிட்டச் சொன்னாச் சொல்லட்டும். இன்னைக்கு ராத்திரி நானே எங்க வீட்டுல சொல்லப் போறேன்."

ஹரிதாஸின் முகம் மாறியது. அவரும் நம்ம ஆள்தான். தீட்டு வீட்டில் பழம் நசுங்காது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "மன்னிச்சுக்குங்கக்கா. தெரியாது." கொஞ்சம் தயங்கினார். "ஆனா பழம் எங்கிருந்துதான் வந்துச்சு?"

"என்கிட்டேர்ந்து," என்றார் பெரியதம்பி, கதவோரத்திலிருந்து.

கமலவேணி இரண்டு பில்லையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தாள். பெரியதம்பியின் பில்லில் இருந்த முதல் செட்டின் எண். திலகவதிக்குப் புதிது என்று விற்ற செட்டின் எண். இரண்டும் ஒன்று. ஹரிதாஸ் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். அப்புறம் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"இவரு ஆன் ஆகலன்னு கொண்டாந்தாரு," என்றார் கடைசியில். "ரெண்டு நாள் கழிச்சு நான் போட்டுப் பாத்தேன். ஆன் ஆச்சு. சும்மா பதட்டப்பட்டு மாத்திக்கிட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன். சீல் ஒட்டி ரேக்குல வெச்சது நான்தான். திருப்பிப் போட்டு அடியைப் பாக்கல."

"காலையில பாத்தீங்களே அண்ணே," என்றான் புவனேஷ். "இடுக்கியெல்லாம் வெச்சு."

ஹரிதாஸ் இடுக்கியை இழுப்பறைக்குள் தள்ளினார். பெரியதம்பி பக்கம் திரும்பினார். "அப்ப உங்க வீட்டுல இருக்கிற செட்டு, முறைப்படி பாத்தா…"

"முறைப்படி பாத்தா," என்றாள் கமலவேணி, நோட்டை மூடாமலே, "அவரு ஆன் ஆகலன்னு சொன்னது உண்மை. ஏன் ஆன் ஆகலன்னு கடை கேக்கல. திரும்பி வந்த செட்டைப் புதுசுன்னு வித்தது கடை. புகார் மனு என் பையில இருக்கு. எழுதி வெச்சுட்டேன், தேதி மட்டும் போடல. அவரு செட்டையா, இந்தப் புகாரையா, ரெண்டுல எதைப் பேசலாம் அண்ணே?"

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தெட்டு. ஹரிதாஸ் எழுந்து பின்னறைக்குப் போனார்.

"கடைக்குக் கிள்ளான்லேர்ந்து சாமான் வருமில்ல?" என்று பெரியதம்பி அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு ட்ரிப் நான் ஏத்தி வர்றேன். எனக்கும் மனசு கேக்கல."

ஹரிதாஸ் புதுப் பெட்டியோடு வந்தார். கமலவேணி சீலை விரலால் தடவினாள், எண்ணைச் சரிபார்த்தாள், பெட்டியைத் திறந்து, மடிக்கணினியைக் குப்புறப் போட்டு நான்கு காலையும் பார்த்தாள். புவனேஷ் குனிந்து முகர்ந்தான்.

"பிளாஸ்டிக் வாசம்தான். சோப்பு இல்ல."

திலகவதி பொத்தானை அழுத்தினாள். திரை வெளுத்தது, நீலமானது, அவள் பெயரைக் கேட்டது. அவள் ஒரு விரலால் தட்டினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த நேரம் பார்த்துப் பெரியதம்பியின் கை சட்டைப்பைக்குள் போனது.

"அப்பா!"

"அங்கள், வேணாம்!"

ஹரிதாஸ் மேசைக்கு மேல் பாய்ந்து மடிக்கணினியை மூடிவிட்டார்.

பெரியதம்பி பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "பேரு என்ன அடிக்கிறாங்கன்னு பாக்கலாம்னுலா எடுத்தேன்," என்றார் வருத்தத்துடன்.

திலகவதிதான் முதலில் சிரித்தாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், ஆனாலும் நிற்கவில்லை. ஹரிதாஸ் மாற்றுச் சீட்டில் ஐந்து ஐம்பத்தாறு என்று நேரம் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

வெளியே காருக்கு நடக்கும்போது பெரியதம்பி கமலவேணியின் நோட்டைப் பார்த்தார். "நாள் முழுக்க எழுதிக்கிட்டே இருந்தியாமே. இந்தப் பய என்னைப்பத்தி ஏதும் சொன்னானா?"

புவனேஷ் கார்ச் சாவியைக் கீழே போட்டான். அதைக் குனிந்து எடுக்கும் சாக்கில் கமலவேணியைப் பார்த்து இரண்டு கையையும் குவித்தான்.

கமலவேணி நோட்டைத் திறந்தாள். ரோட் டாக்ஸ் கட்டும் ஆள். மூளை இருக்க வேண்டிய இடத்தில் பழம். போட்டோ எடுத்து மாட்டி வைக்க வேண்டியவர். சொன்ன நேரமும் இடமும் சுத்தமாகக் குறிக்கப்பட்டிருந்தன. அவளுக்குப் பொய் சொல்ல வராது. இரண்டு தடவை யோசித்தாள்.

"சொன்னான் அங்கள்," என்றாள், நோட்டை மூடிக்கொண்டு. "ஆனா எல்லாம் வலது பக்கத்துல இருக்கு. இன்னும் ஒண்ணும் நிரூபணம் ஆகல."